உடலைப் படகில் விட்டுவிட்டு

மெயின்லேண்டுக்குப் போக எங்களுக்கு இரண்டே வழிகள். ஒன்று கப்பல், அதற்கு டிக்கெட் கிடைக்காது. இன்னொன்று விமானம், டிக்கெட் கிடைக்கும், ஆனால் விலையைப் பார்த்ததும், அங்கே போய்ச் செய்யவேண்டிய காரியம் ஒன்றும் அத்தனை அவசரமில்லை என்று தோன்றிவிடும். மூன்றாவது வழி ஒன்று இருப்பதை நான் கைப்பேசியில் கண்டுபிடித்தேன். உடம்பைப் படுக்கையில் போட்டுவிட்டு உயிர் மட்டும் கிளம்பிப் போய்வருவது. டிக்கெட் வேண்டாம், பெட்டி தூக்க வேண்டாம், நடுக்கடலில் வாந்தி வராது. அந்தமானில் குடியிருப்பவனுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு மாதிரி இருந்தது.

வீடியோவில் இதைக் கற்றுக்கொடுத்தவருக்கு அப்படியொரு சாந்தமான குரல். கேட்டாலே பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதியை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். முறை ரொம்ப எளிது. உடம்பு தூங்கவேண்டும், மனசு தூங்கக்கூடாது. நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் இதற்கு நேர் எதிரான வித்தையில், அதாவது உடம்பு விழித்திருக்க மனசு தூங்குவதில், நாங்கள் எல்லோரும் தேர்ந்தவர்கள். ஆகவே பாதிக் கிணறு தாண்டிவிட்டதாகவே நினைத்தேன்.

அறிகுறிகளை அவர் வரிசையாகச் சொல்லியிருந்தார். முதலில் கைகால் மரத்துப்போகும். பிறகு பேரமைதி. அதற்குப் பிறகு உடம்பெல்லாம் அதிரும், காதில் ரீங்காரம் கேட்கும், மிதப்பது போலிருக்கும். இதற்கு நடுவே தெரிந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கதவு தட்டப்படும். எல்லாம் மாயை. கண்ணைத் திறக்கக்கூடாது, பதில் சொல்லக்கூடாது. மூக்கு அரித்தாலும் சொறியக்கூடாது. எல்லா அறிகுறிகளும் வந்த பிறகு, படுக்கையில் புரள்வது போல ஒரு புரளு புரளவேண்டும். உடம்பு கிடந்த இடத்திலேயே கிடக்கும், நாம் வெளியே வந்துவிடுவோம். சின்ன வயதில் சர்ச் ஞானோபதேச வகுப்பில் படித்த எதுவும் எனக்கு இப்படி மனப்பாடம் ஆனதில்லை.

முதலில் வீட்டில்தான் பழகினேன். படுத்துக்கொண்டு முன்னங்கையை மட்டும் செங்குத்தாகத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மனசு அசந்தால் கை விழும், விழித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. சில நாள் தலையணையில் விழுந்தது. ஒருநாள் பக்கத்தில் படுத்திருந்த மனைவியின் மூக்கில் விழுந்தது. அவள் அப்போது கர்ப்பிணி. அவள் சொன்னதை இங்கே எழுதமுடியாது. பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்துக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவர்களுக்கே முழுசாகப் புரிந்தது.

எனவே பயிற்சியைப் படகுக்கு மாற்றினேன். வீடு பாம்பூஃப்ளாட்டில், அலுவலகம் மரைன் ஹில்லில். தினமும் காலையில் படகேறி சாத்தத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அந்தச் சின்னப் பயணத்தில் ஒருவர் தலை சீவுவார், ஒருவர் டிபன் முடிப்பார், இன்னொருவர் தன் மேலதிகாரியைத் திட்டி முடிப்பார். நான் இன்ஜினுக்குப் பக்கத்து மூலை பெஞ்சில் கண்ணை மூடி, உடலைத் துறக்க முயன்றுகொண்டிருப்பேன். பல வாரப் பயிற்சியில் கண்ட பலன், கால் மரத்துப்போனது. அதற்கு அந்தப் பெஞ்சே போதும்.

இந்த நிலையில்தான் மாமியார் வந்தார். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய்வீடே கப்பலேறிக் கிளம்பியது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையூர். அவர் குடும்பத்தில் ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், ஆனால் அவர் அதுவரை கப்பல் ஏறியதில்லை. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. என்னைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சர்ச்சில் எங்கள் கல்யாணப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தபோது மாப்பிள்ளை கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். "பையன் நல்லவந்தான், கொஞ்சம் முழிச்சிருந்தான்னா" என்று அன்றைக்கே பந்தியில் சொன்னாராம்.

கப்பல் வருகிற அன்று காலை மனைவி வாசல்வரை வந்து வழிமறித்தாள்.

"ஏங்க, அம்மா மொத தடவ வர்றாங்க. ஹேடோல கப்பல விட்டு எறங்குனதும் ஒங்க மூஞ்சி தெரியணும்."

"தெரியும்."

"கேஸ் சிலிண்டர்காரன் வாசல்ல நின்னு கத்தும்போதும் இப்பிடித்தான். கேட்டுச்சுன்னீங்க, எந்திரிக்கல. அவன் போயே போயிட்டான்."

"அது மாயக்குரல்னு நெனச்சேன்."

"மாயக்குரல் சிலிண்டர் தூக்கிட்டு வருமா?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "இதுல மட்டும் சொதப்பிராதீங்க. நாளைக்கு எனக்கு வலி வந்தா ஒங்கள நம்பித்தானே நான் ஆஸ்பத்திரிக்கு போட்டுல ஏறணும்?"

கேலி இல்லாமல் அவள் பேசுவது அபூர்வம். சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் கப்பல்களின் நேரந்தவறாமை எல்லோருக்கும் தெரிந்ததே; சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பதில் ஒருநாளும் தவறியதில்லை. அந்த நம்பிக்கையில் மூலை பெஞ்சில் உட்கார்ந்தேன். சாத்தத்தில் இறங்கினால் ஹேடோ துறைமுகம் கூப்பிடு தூரம்தான். அதுவரை வீணாகப் போகிற நேரத்தில் கொஞ்சம் பயிற்சி. கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டேன். பறக்கப் போகிறவனுக்கு அதுதானே பொருத்தம்?

அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கால் மரத்தது. பின்பு, சொல்லிவைத்தது போல, உலகத்துச் சத்தமெல்லாம் சட்டென்று நின்றுபோனது. பேரமைதி. அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"பாய்சாப், சாத்தம் ஆ கயா. உத்ரோ, உத்ரோ!"

இறங்கச் சொல்லும் மாயக்குரல். அது ஹிந்தியில் பேசியதில் எனக்குச் சின்ன ஏமாற்றம். ஆனாலும் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நாங்களும் கலந்து வாழும் ஊரில் மாயக்குரல் வேறு எந்த மொழியில்தான் பேசும்? நான் அசையவில்லை. "சோனே தோ யார்," தூங்கட்டும் விடு என்று இன்னொரு மாயக்குரல் எனக்காகப் பரிந்து பேசியது. அலையலையாகக் காலடிச் சத்தம் போயிற்று, பிறகு வந்தது. எங்கோ சங்கு ஊதுவது போலக் கேட்டது. உடனே உள்ளங்காலில் ஓர் அதிர்வு தொடங்கி முழங்கால், முதுகு வழியாகப் பல்வரை ஏறியது. காதில் ரீங்காரம். நான் மெல்ல மிதந்து, இருந்த இடத்தைவிட்டு நகர்ந்தேன்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞானிகள் ஆயுள் முழுக்கக் குகையில் கிடந்து அடைந்ததை, நான் பாம்பூஃப்ளாட் படகில் மாதாந்திர பாஸில் அடைந்துவிட்டேன்.

அப்போது கருவாட்டு வாசனை வந்தது. வீடியோவில் வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"மாப்ளே."

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மனசு எவ்வளவு தந்திரம் பண்ணுகிறது பாருங்கள், நான் உலகத்திலேயே அதிகமாகப் பயப்படும் குரலாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறது.

"ஏ மாப்ளே. தூங்குதீயளா, செபம் பண்ணுதீயளா?"

பதில் சொல்லக்கூடாது. சில்லென்று ஒரு விரல் என் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. "மூச்சு இருக்கு, மாதாவே" என்றது குரல்.

"கோன் ஹை, ஆன்ட்டி?" என்று யாரோ ஒரு பெண் யாரென்று விசாரித்தாள்.

ஹிந்தி புரியாவிட்டால் என்ன, கேள்வி புரிந்துவிட்டது. "மருமவன்" என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, "எம் மவதான் பாவம்" என்று சேர்த்துக்கொண்டது.

உடலைவிட்டு வெளியேறும் வாசலில் ஒரு காவலாளி நின்று பயமுறுத்துவார், பொருட்படுத்தாமல் தாண்டிவிட வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இனித் தயங்குவதா? மனசைத் திரட்டி, வலதுபக்கமாக ஒரு புரளு புரண்டேன்.

வெளியே வந்தபின் மேலிருந்து பார்த்தால் கீழே நம் உடம்பு கிடக்கும் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். நான் கீழிருந்து மேலே பார்த்தேன். மேலே மாமியார் இருந்தார். எனக்கு அடியில் அவருடைய கருவாட்டு மூட்டையும் முறுக்கு டின்னும் இருந்தன. டின் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. சுற்றிலும் படகே எழுந்து நின்று என்னைப் பார்த்தது.

"எங்க போறீய மாப்ளே?" என்று கேட்டார்.

"ஒங்களக் கூப்புட ஹேடோவுக்கு, அத்தை."

"இது பாம்பூஃப்ளாட்டுக்குல்லா போவுது?"

எட்டிப் பார்த்தேன். சாத்தத்தின் மரம் அறுக்கும் மில் பின்னால் சின்னதாகிக்கொண்டிருந்தது. பேரமைதி என்றது, படகு சாத்தத்தில் நின்று இன்ஜினை அணைத்தது. மிதந்தது, படகு திரும்பப் புறப்பட்டது. நான் மட்டும் இறங்கவில்லை. கப்பலோ, என்னைப் பழிவாங்கவென்றே அன்று முன்னதாக வந்து சேர்ந்திருக்கிறது. மாமியார் துறைமுகத்தில் என் முகத்தைத் தேடிப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட, அவள் எனக்குப் போட்டுப் பார்த்து அலுத்து, அம்மாவுக்கே வழி சொல்லியிருக்கிறாள். இவர் மூட்டை முடிச்சோடு ஆட்டோ பிடித்து, சாத்தம் வந்து, சரியான படகில் ஏறியிருக்கிறார். ஏறிப் பார்த்தால் மூலையில் மாப்பிள்ளை.

"ஹிந்தி தெரியாம எப்பிடி அத்தை வந்தீங்க?"

"கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு வந்தேன்."

அதன்பிறகு கரைசேரும்வரை நான் சட்டையில் ஒட்டிய கருவாட்டுத் துணுக்குகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் மீன் நீந்தும் தீவுக்கு எதற்குக் கருவாடு என்று கேட்க நினைத்தேன். கேள்வி கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், கொஞ்சம் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவ எங்க பாத்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "போட்டுலதான். எனக்கு மின்னாலயே வந்து ஒக்காந்திருந்தாரு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொன்ன விதத்தில் நானே ஒரு கணம் என்னைப் பொறுப்பான ஆள் என்று நம்பிவிட்டேன்.

"டின்னு ஏம்மா நசுங்கிருக்கு?"

"எடநெருக்கடி."

மனைவி என் சட்டையை முகர்ந்து பார்த்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அச்சா, வந்த அன்னைக்கே இவரு கட்சியில சேந்தாச்சா?" என்று உள்ளே போனாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் முறுக்குத் தூளைத் தயிர்சாதத்தில் தூவித் தந்தார் மாமியார். மகள் கைகழுவப் போன நேரம் பார்த்து என் பக்கம் குனிந்தார்.

"இன்னைக்கு வந்தது நானு, வந்து சேந்துட்டேன். அவளால தனியா போவ முடியாது. அன்னைக்கு ஒங்க ஒடம்பும் உசுரும் ரெண்டும் சேந்து வரணும். வருமா மாப்ளே?"

"வரும் அத்தை."

வீடியோக்களை அன்றே அழித்தேன். சாந்தக்குரல்காரரிடம் சொல்லாமலே விடைபெற்றேன்.

வலி ஒரு காலை நேரத்தில் வந்தது. அதே படகு. நிறைந்திருந்த கூட்டத்தில் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்த இடம், என் அதிர்ஷ்டம், அதே மூலை பெஞ்சு. சங்கு ஊதியது, அதிர்வு பல்வரை ஏறியது, காது ரீங்கரித்தது, மிதந்தோம். எல்லா அறிகுறிகளும் வரிசை மாறாமல் வந்தன. மனைவியின் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கியிருந்ததால் மரத்துப்போவது மட்டும் நடக்கவில்லை. எதிரே மாமியார், ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, பிரசவிக்கப் போகும் மகளைப் பார்க்காமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இமைக்கவே பயமாக இருந்தது.

சாத்தம் நெருங்கியதும் மனைவியைத் தாங்கி எழுந்தேன். படகுக்கு இன்னும் கயிறு கட்டவில்லை, இறங்கப் பலகை போடவில்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.

"அரே பாய்சாப்! ருக்கோ, ருக்கோ!" அதே படகுக்காரன், அதே குரல். இந்தமுறை நிற்கச் சொல்லிக் கத்தினான்.

நின்றேன். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்கு நடுவில் கேட்டாள்: "என்னங்க, குரல் கேட்டுச்சா?"

அப்படியானால் இவளுக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு முறுக்குத் தூள் தின்னும்போதே தெரிந்திருக்கும். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் சட்டைக் காலரை இறுகப் பிடித்திருந்தார். பலகை விழுந்ததும்தான் விட்டார்.

"எறங்கு ஏட்டி" என்றார் மகளிடம். "ரெண்டும் வந்திருக்கு."