மேவிஸ் வீட்டு ஜெர்சிக் காளை

மேவிஸ் ட்ரெலோர் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பிவேலியை வெட்டி, தன் ஜெர்சிக் காளையைப் பக்கத்துப் பண்ணைக் கிடேரிகளிடம் அனுப்பிவிட்டாள் என்று கிப்ஸ்லாந்தில் பால் கறக்கிற அத்தனை வீட்டிலும் பேச்சு. சொன்னவர்களில் ஒருவராவது போய் அந்த வேலியைப் பார்த்தாரா என்றால் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்துப் பண்ணை க்ளிஃப் ஹாக்கினுடையது. கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன் மாடு தவிர மற்றதெல்லாம் அவனுக்கு ஆடு. மேவிஸின் மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மேவிஸ், உன் ஆடெல்லாம் ஒரு கப்பாவது கறக்குதா?" என்பான்.

"உன் மாடு தண்ணியக் கறக்குது, என் மாடு வெண்ணெயக் கறக்குது. பேக்டரிக்காரன் கொழுப்பப் பாத்துத்தான்டா வாங்குறான்" என்பாள் அவள். தன் புருஷன் செத்தபோது துக்கம் கேட்க வந்த அவனிடமும் இதையேதான் சொன்னாள்.

முதல் ஈற்றுக் கிடேரிக்கு, கன்று சின்னதாகப் பிறக்கும் என்று ஜெர்சிக் காளையை விடுவதுதான் அங்கே வழக்கம். க்ளிஃப் விடமாட்டான். தன் ராட்சத ஃப்ரீசியனையே விட்டான். ஒரு வசந்தத்தில் கன்று வெளியே வராமல் கிடேரிகள் கதறியது மேவிஸின் படுக்கையறை வரை கேட்டது. கன்றைச் சங்கிலி போட்டு இழுத்தும் நாலு கிடேரிகள் செத்தன. டிராக்டரில் கட்டி அவள் வேலியோரமாகத்தான் இழுத்துப் போனான்.

மறு வருஷம் பிறந்ததும் ஒரு காலையில் பார்த்தால், அவனுடைய கிடேரிகளுக்கு நடுவில் மேவிஸின் காளை சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"அத வெட்டுக்கு அனுப்பு. இல்லன்னா நானே சுடுவேன்" என்றான் க்ளிஃப்.

"சுடு பாப்போம்."

அன்றிலிருந்து கடையில் இவள் நுழைந்தால் அவன் வெளியேறுவான். சர்ச்சிலும் அப்படித்தான். பாதிரியாருக்கு வசூல் குறைந்தது.

வசந்தத்தில் கிடேரிகள் ஈன்றன. சங்கிலிக்கு வேலையே இல்லை. முயல்குட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தன, தவிட்டு மூக்குக் கலப்புக் கன்றுகள். அவற்றைப் பார்க்கப் பார்க்க க்ளிஃபுக்கு வெறி ஏறி, துப்பாக்கியோடு வேலிக்கு வந்துவிட்டான். அந்தப் பக்கம் காளை. அதன் முன்னால் மேவிஸ், கையில் பால் வாளி.

"தள்ளு. என் மாட்டு ரத்தத்தையே கெடுத்துட்ட."

"போன வருஷம் நாலு இழுத்துட்டுப் போன. இந்த வருஷம் எத்தன?"

துப்பாக்கி மெல்லத் தரையைப் பார்த்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"என்ன இருந்தாலும் நீ வேலிய வெட்டுனவதான்டி. ஊரே சொல்லுது."

"ஊருக்கு மூளை இருக்கா? என் கையால இழுத்துக் கட்டுன கம்பி இது, நான் எதுக்குடா வெட்டணும்? வேலிக் கேட்டத் தெறந்து விட்டேன்."