கோலுக்கு முன்னால் நின்றுவிடும் டிஸ்க்

கேசட்டக்கா தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டதாக எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவருக்குக் கண் தெரியவில்லை. அக்காவின் கணவரே பஸ் டிரைவர் என்பதால், இந்த இரண்டாவது வழக்கு வீட்டுக்குள்ளேயே விசாரிக்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே தள்ளுபடியும் ஆகிவிடும்.

கல்யாணத்துக்கு முன்பு அக்கா ஒரு வீடியோ கேசட் கடையில் வேலை பார்த்தார். பெயர் அப்படி வந்ததுதான். கடையை மூடும்போது முதலாளி, இனி யாருக்கும் வேண்டாத இரண்டு வி.சி.ஆர். பெட்டிகளை அக்கா தலையில் கட்டிவிட்டார். சும்மா கிடந்த பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, வாசலை ஒட்டிய அறையில் வைத்து, ஊரில் உள்ளவர்கள் வீட்டுப் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடந்த பழைய கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுக்கத் தொடங்கினார்.

வேலையில் கெட்டிக்காரர். ரீலில் படிந்த பூஞ்சையைப் பூப்போலத் துடைப்பார். கசங்கிய நாடாவை விரலால் நீவி நேராக்குவார். பாதிப் பேருடைய இளமை அக்காவின் கண் முன்னால் ஓடியிருக்கிறது. யார் எந்த மேடையில் ஆடி விழுந்தார்கள், யார் யாரை எந்தக் கண்ணால் பார்த்தார்கள், எல்லாம் தெரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். டிஸ்கைக் கொடுக்கும்போது, "உங்க அந்தக் காலத்து மீசை நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மீதியைக் கேட்பவர் நினைத்துக் கூச்சப்பட வேண்டியதுதான்.

அந்த அறைக்கு ஒருநாள் விசில்காரர் வந்தார். தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கால்பந்து நடுவராக ஊதிய விசிலுக்காகத்தான். அதிலும் ஒரே ஒரு விசில். அச்சகத்து அணிக்கும் ஐஸ் கம்பெனி அணிக்கும் நடந்த இறுதி ஆட்டத்தில், பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து மறுபடி வெளியே துள்ளியது. கோட்டைத் தாண்டிவிட்டது, கோல் என்று இவர் ஊதினார். தாண்டவே இல்லை என்றார் ஐஸ் கம்பெனியின் கோல்கீப்பர். இருவரும் கிழவர்களாகியும் அந்தப் பந்து இன்னும் தரையைத் தொடவில்லை. தினமும் காலையில் சேர்ந்துதான் நடக்கப் போவார்கள். தினமும் அதே பந்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டுதான் திரும்புவார்கள்.

கோல்கீப்பருடைய மச்சினன் அன்று மைதானத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார். வீடு மாறும்போது அகப்பட்ட அந்தக் கேசட்டைத்தான் விசில்காரர் இப்போது கொண்டுவந்திருந்தார். இரண்டு அணியிலும் மிஞ்சியிருக்கும் ஆட்களைக் கால்பந்துச் சங்கத்து ஹாலுக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது. சங்கத்து டிவிக்குத் தெரிந்தது டிவிடி பிளேயர் மட்டும்தான்.

"இங்கயே இப்பவே போட்டுப் பாத்துடலாமே?" என்று கேட்டார் அக்கா.

"கூடவே கூடாதும்மா. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கணும். நான் முன்னாடியே பாத்தேன்னு தெரிஞ்சா, உள்ள பூந்து ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லுவான் அவன்."

அக்காவுக்குக் கால்பந்து மேல் எந்த ஆசையும் கிடையாது. கேசட்டை ஓடவிட்டுவிட்டுச் சமைக்கப் போய்விட்டார். ஆட்டம் முழுவதும் கம்ப்யூட்டருக்குள் ஒழுங்காக இறங்கியது. அதன் பிறகுதான் வம்பு.

டிஸ்கில் எழுதும்போது திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே போகும். பாதி தாண்டும், முக்கால் தாண்டும், முடியப்போகிறது என்று அக்கா நிமிர்ந்து உட்காரும் நேரம் பார்த்து, 'எழுத முடியவில்லை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். டிரைவ் நாக்கை நீட்டுவதுபோல் டிஸ்கை வெளியே தள்ளும்.

"மட்டமான டிஸ்க்" என்றார் அக்கா. வேறு கம்பெனி டிஸ்க் வாங்கினார். அதுவும் அதே இடத்தில் படுத்தது. "கடைக்காரன் வெயில்ல வெச்சிருக்கான்" என்றார். டிரைவின் லென்ஸைப் பஞ்சால் துடைத்தார். எழுதும் வேகத்தைக் குறைத்தார். கம்ப்யூட்டரில் வேறு எதுவும் ஓடாமல் எல்லாவற்றையும் மூடினார். அப்படியும் கேட்காததால் சந்தேகம் மின்சாரத்தின் மேல் போனது. டிஸ்க் எழுதும்போது வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, இஸ்திரிப் பெட்டி கூடாது, மின்விசிறியும் கூடாது என்று உத்தரவு போட்டார். டூட்டி முடிந்து வந்த கணவர் வியர்வையில் நனைந்துகொண்டு கேட்டார்.

"ஏம்மா, நான் மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

நடுவில் ஒரு டிஸ்க் மட்டும் எப்படியோ முழுதாக எழுதி முடிந்தது. அக்கா அதை விசில்காரரிடம் வெற்றிப் புன்னகையோடு கொடுத்தனுப்பினார். மாலையே அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"ஓடுதா இல்லையான்னு சும்மா செக் பண்ணத்தாம்மா போட்டேன்" என்றார். அந்தச் சும்மா, ஆட்டத்தின் கடைசிக் கட்டம்வரை நடந்திருக்கிறது. "கார்னர்ல இருந்து பந்து வருது. மேல எழும்புது. தலையால முட்டுறான். அவ்வளவுதான், படம் கட்டம் கட்டமா ஒடஞ்சு அப்படியே நிக்குது! யாரும்மா வந்தாங்க இங்க? அவன் வந்தானா?"

அவர் 'அவன்' என்று சொன்ன கோல்கீப்பர் அந்த நேரத்துக்குத்தான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் ஏன் வரேன்? நீதான் அந்த எடத்தை அழிக்கச் சொல்லியிருப்ப. கோல் இல்லைன்னு தெரிஞ்சுபோயிருக்கும்!"

"தாத்தாங்களா, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் அக்கா. "கம்ப்யூட்டர்ல படம் பத்திரமா இருக்கு. கடைசில வர்ற காட்சியெல்லாம் டிஸ்கோட ஓரத்துலதான் பதியும். அங்க சரியா எழுதல. கரண்டு சரியில்ல."

நாளை ஞாயிறு என்னும் நிலையில் அக்காவின் நாத்தனார் வந்து சேர்ந்தார். கணவரின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாருடைய முகத்தைப் பார்த்தும் பயப்படாதவர். அண்ணி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து டிஸ்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் தரையில் பாய் விரித்து, கிழிந்த தலையணை உறையைத் தைக்க உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்தவர்களுக்கு மேஜைக்கு மேலே நடப்பது தெரியாது. கீழே நடப்பது நன்றாகத் தெரியும்.

சதவீதம் முக்காலைத் தாண்டியது.

"அண்ணி, உங்க கால் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. பேசாம இரு, எழுதுது."

"மேஜைக்கு அடியில இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டி மேல இருக்கு அண்ணி. இருந்தாக்கூடப் பரவால்ல. ஆடுது."

"யாரு, நானா காலாட்டுறேன்?"

"நீங்க ஆட்டல. அதுவா ஆடுது. முதல்ல நல்லபடியாத்தான் இருந்துச்சு. முடியப்போகுதுன்னதும் தையல் மிஷின் மாதிரி ஆரம்பிச்சிருச்சு. பெட்டி கிடுகிடுன்னு நடுங்குது பாருங்க."

அக்கா குனிந்து பார்த்தார். வலது கால் பெட்டியின் தலையில், சொந்த வீட்டில் இருப்பதுபோல் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா பார்க்கிறார் என்று தெரிந்ததும் நின்றது. அதற்குள் டிரைவ் நாக்கை நீட்டிவிட்டது.

விஷயம் இதுதான். டிஸ்க் உள்ளே வேகமாகச் சுற்றும்போது மயிரிழை அளவு நுணுக்கமாக எழுத வேண்டும். பெட்டியை உதைத்துக்கொண்டே இருந்தால் அது எங்கே எழுதும்? டிஸ்க் முடிய முடிய அக்காவுக்குப் பதற்றம் கூடும். பதற்றம் கூடக் கூடக் கால் ஆடும். கால் ஆடினால் டிஸ்க் போகும். டிஸ்க் போனால் அடுத்த டிஸ்குக்குப் பதற்றம் இன்னும் சீக்கிரமாக ஆரம்பிக்கும்.

"இது நெசந்தானான்னு பாத்துடுவோம்" என்றார் நாத்தனார். "காலைத் தூக்கி நாற்காலி மேல மடிச்சுக்கிட்டு உக்காருங்க."

அக்கா சம்மணம் போட்டுக்கொண்டார். கணவர், யாரும் கேட்காமலேயே வந்து கதவருகில் நின்றுகொண்டார். சதவீதம் ஏறியது. முக்கால் தாண்டியதும் அக்காவின் முழங்கால் லேசாகத் துடித்தது. நாத்தனார் எழுந்து வந்து, நோயாளியைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டார். டிஸ்க் முழுதாக எழுதி முடிந்தது. கடைசிவரை ஓட்டியும் பார்த்தாயிற்று, படத்தைக் கண்ணில் காட்டாமல் திரையில் துண்டைப் போட்டு, சத்தத்தை மட்டும் கேட்டபடி. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"இது நல்ல டிஸ்க்" என்றார் அக்கா.

"அப்ப இன்னொண்ணு எழுதுங்க. காலைக் கீழ விட்டுட்டு."

அதே பாக்கெட்டில் இருந்து எடுத்த இன்னொரு டிஸ்க். கால் கீழே. இந்த முறை ஆட்டக்கூடாது என்று அக்கா மனதுக்குள் உறுதி எடுத்திருந்தார். கால் அந்த உறுதியில் கையெழுத்துப் போடவில்லை. முக்கால் தாண்டியது, ஆடியது, டிஸ்க் வெளியே வந்தது.

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய் இருமினார். நாத்தனார் ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமானார். அக்கா குனிந்து பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"இந்தப் பெட்டி இத்தனை நாள் மேஜை மேலதான இருந்துச்சு? மேல எடத்தை அடைக்குதுன்னு போன வாரம் கீழ எறக்கி வெச்சது யாரு?"

வாசலில் இருமல் நின்றது. கணவர்தான் இறக்கி வைத்திருந்தார்.

"பாத்தியா!" என்றார் அக்கா நாத்தனாரிடம். "எனக்கு அப்பவே தெரியும், தப்பு வேற எடத்துல இருக்குன்னு." அன்றே பெட்டி மறுபடி மேஜைமேல் ஏறியது. தூக்கி வைத்தவரும் கணவர்தான். மின்விசிறி திரும்பவும் சுற்றியதில் அவருக்கு எந்தக் கோபமும் மிஞ்சவில்லை.

மறுநாள் சங்கத்து ஹாலில் நாற்காலிகள் போதவில்லை. டிஸ்க் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அக்காவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியாகவும் கறுத்த முடியோடும் ஓடிய தங்களையே பார்த்துக் கிழவர்கள் கூச்சல் போட்டார்கள். "டேய், அது நீயாடா?" என்று ஒருவர் தொப்பையை ஒருவர் தட்டினார்கள். கார்னர் வந்தது. ஹால் அமைதியானது. பந்து மேலே எழும்பியது. தலையில் பட்டது. கம்பத்தில் மோதிய சத்தம் கேட்டது. அந்தக் கணத்தில் கேமரா சட்டென்று திரும்பி, துள்ளிக் குதிக்கும் கூட்டத்தைக் காட்டியது.

மச்சினனுக்கு ஆட்டத்தைவிடக் கூட்டம் பிடித்திருந்திருக்கிறது. கேமரா மைதானத்துக்குத் திரும்பும்போது விசில் ஊதி முடிந்து, கோல்கீப்பர் நடுவரின் மூக்குக்கு நேராக விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஹால் இடிந்துவிழுவதுபோல் சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். "கூட்டம் குதிக்குது பாரு, கோல்னுதான் குதிக்குது!" என்றார் விசில்காரர். "பந்து வெளியே போச்சுன்னு எங்க ஆளுங்க குதிக்கிறாங்க!" என்றார் கோல்கீப்பர்.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள்.

"கேமரா பாக்காததை நான் எப்படிப் பெருசாக்குறது? குதிக்கிறவங்க மூக்கை வேணும்னா பெருசாக்கித் தரேன்" என்றார் அக்கா. வந்தவர்களுக்கு டீ கொடுத்தார். ஆட்டத்தைப் பற்றி அவருக்கே இப்போது கொஞ்சம் ஆர்வம் வந்திருந்தது. அந்த ஆர்வத்தில் ஒரு கேள்வியும் கேட்டுவைத்தார்.

"எனக்கு ஒண்ணு புரியல. பந்து கோட்டு மேலயே நின்னுட்டா அது கோலா, இல்லையா?"

"இல்ல!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பிறகு ஒருவரையொருவர் திகைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கோடு என்றால் என்ன, எவ்வளவு தாண்ட வேண்டும் என்று இருவரும் சேர்ந்து, டீக் கோப்பையையும் தட்டையும் நகர்த்தி நகர்த்தி அக்காவுக்கு விளக்க ஆரம்பித்தார்கள். அன்று ஒரு கேசட்டும் டிஸ்காகவில்லை.