ஆணி அடித்த ஊரில் மாதாவுக்கு நாலு தோள்

கார்ல்ஸ்ரூஹேயில் நானும் மனைவியும் வேலை செய்யும் ஐஸ்கிரீம் கடை, குளிர் தொடங்கும்போது பூட்டினால் வசந்தத்தில்தான் திறக்கும். முதலாளி அம்மா இத்தாலிக்காரி. பூட்டிய கையோடு வடக்கு இத்தாலி மலையில் இருக்கும் தன் சின்ன ஊருக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஊரில் பாதிப்பேர் இப்படி ஜெர்மனியில் ஐஸ்கிரீம் விற்கிறவர்கள். கோடையில் அங்கே ஆளே இருக்காது. அதனால் கலியாணம், வீடு குடிபுகுதல், மாதா திருநாள், எல்லாவற்றுக்கும் நவம்பர் வரவேண்டும். சாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குளிர்காலத்துக்கு ஒத்திவைக்கிற ஊர் எங்களுடையது என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் கடை பூட்டிய நாளில் அவர் சிரிக்கவில்லை. மெஷின்களைக் கழுவிக்கொண்டே விசயத்தைச் சொன்னார். ஊர்க் கோவிலிலிருந்து மலை உச்சியில் இருக்கும் சிற்றாலயத்துக்கு மாதா சொரூபத்தைச் சுமப்பது அந்த வருடம் அவருடைய வீட்டு முறை. நாலு தோள் வேண்டும். அவரும் அண்ணனும் இரண்டு. மகன்மார் இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கவில்லை. முறைக்காரர்தான் தன் வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ ஆள் சேர்க்கவேண்டும், அயலாரைக் கேட்பது வழக்கமில்லை. சேராவிட்டால் மாதா கோவில் வாசல்வரை வந்து, அப்படியே உள்ளே திரும்பிவிடுவா. "எங்கள் வீட்டு முறையிலா அது நடக்கவேண்டும்?" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு எங்களைப் பார்த்து, உங்கள் இரண்டு பேரையும் கேட்கலாமா என்றார்.

நான் யோசிப்பதற்குள், "வாறம்," என்று மனைவி தமிழில் சொல்லிவிட்டு, அதையே ஜெர்மனில் இன்னொருமுறை சொன்னாள்.

வீட்டுக்கு வரும் ட்ராமில் நான் மெல்லத் தொடங்கினேன். "நான் சரி. மன்னாரிலை எத்தினை வருசம் சொரூபம் தூக்கினனான். உமக்கு ஏலாது. அது பாரம்."

"கடையிலை பால் பெட்டி தூக்கிறது ஆர்?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"எங்கடை கோவிலிலை பெண்டுகளைக் கிட்டவும் விடமாட்டினம்," என்றாள். "சின்னனிலையிருந்து மெழுகுதிரியோடை பின்னாலை போய், மாதாவின்ரை முதுகைத்தான் பாத்தனான். ஒருக்காவாவது என்ரை தோளிலை வைக்கவேணும்."



திருநாளுக்கு முதல்நாள் அம்மா எங்களை ஊர் சுற்றிக் காட்டினார். சரிவு முழுக்க லார்ச் மரங்கள். பார்த்தால் சவுக்குப் போல ஊசியிலைதான். ஆனால் குளிருக்கு முன் பொன்மஞ்சளாகி, இலையை உதிர்த்துவிடுகிறது. என் தலையிலும் சட்டைக் கழுத்துக்குள்ளும் மஞ்சள் ஊசிகள். ஓடைக்கரையில் கூரை விழுந்த ஒரு கல்வீட்டைக் காட்டினார். பழைய கொல்லன் பட்டறையாம். ஓடைத் தண்ணீரால் சம்மட்டியை இயக்கி, தலைமுறை தலைமுறையாக வெனிஸ் கப்பல்களுக்கு ஆணி அடித்திருக்கிறார்கள். கடற்கரையில் பிறந்த எனக்கு இது பெரிய வேடிக்கை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, கடலின் வாசனைகூட இல்லை, ஆனால் கப்பலே இவர்கள் தயவில்தான் மிதந்திருக்கிறது. பிறகு தொழிற்சாலை ஆணி வந்ததும் பட்டறைகள் படுத்துவிட, ஆண்கள் ஐஸ்கிரீம் வண்டியோடு வெளிநாடு போனார்கள்.

"வைக்கோல், விறகு, கரி, எல்லாவற்றையும் முதுகுக் கூடையில் இந்தச் சரிவில் ஏற்றியது பெண்கள்தான்," என்றார் அம்மா. "மாதாவையும் அவர்கள்தானே சுமக்கவேண்டும், வேறு யார் இருந்தார்கள்?"

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஓடையில் மீன் இருக்கிறதா என்று ஆராய்ந்தேன்.

மறுநாள் கோவில் முற்றத்தில் நான்தான் தலைமை ஏற்றேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் அனுபவசாலி சும்மா நிற்கமுடியுமா? பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று உயரமானவர்களை முன்னால் விட்டேன். அம்மாவும் அண்ணனும் பனைபோல நெடியவர்கள். குள்ளர்களான நாங்கள் இருவரும் பின்னால், துவாயை மடித்துத் தோளில் வைத்து உயரத்தைச் சமன் செய்துகொண்டோம். சொரூபப் பீடத்தின் தண்டுகளுக்குத் தோள் கொடுத்துத் தூக்கினோம். முற்றத்தில் மாதா ஆடாமல் அசையாமல் நின்றா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கியது. மாதா மெல்லப் பின்னால் சரிந்து வானத்தைப் பார்க்கத் தொடங்கினா. பாரம் முழுதும் எங்கள் மேல். அண்ணன் நிற்கச் சொல்லிக் கத்தினார். தெருவில் நின்ற கிழவிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வழியோரம் இளைப்பாறப் போட்டிருந்த மேசையில் சொரூபத்தை இறக்கியதும் அம்மா கேட்டார். "உங்கள் ஊரில் மலை இல்லையா?"

"ஒரு மேடுகூட இல்லை," என்றேன். மன்னாரில் பிறந்தவனுக்கு, ஏறும்போது முன்னால் போகிறவன் உயர்ந்துவிடுவான் என்பது எப்படித் தெரியும்?

துவாய்களைத் தூரப் போட்டார்கள். எங்களை முன்னுக்குக் கொண்டுவந்து, நெடியவர்கள் பின்னுக்குப் போனார்கள். இந்த முறை சரிவில் ஏற ஏற மாதா நேராக நின்றா. எங்களைப்போல இரண்டு குள்ளர் கிடைப்பது பெரிய காரியம் என்று அண்ணன் சொன்னாராம். வாழ்நாளில் என் உயரத்தை யாரும் புகழ்ந்தது அன்றைக்குத்தான். மனைவி மூச்சு வாங்கினாள், ஆனால் தண்டை விடவில்லை. "கொஞ்சம் இறக்கி வைப்பமோ?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று.

உச்சியில் சிற்றாலய மணி அடித்தது. அம்மா அழுதுகொண்டே மனைவியைக் கட்டிப்பிடித்தார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

இறங்கும் நேரம் வந்தது. ஆலயம் பாறை விளிம்பில் இருப்பதால் சொரூபத்தைத் திருப்ப அங்கே இடம் இல்லை. அதனால் சுமக்கிறவர்கள் மட்டும் திரும்பி நிற்பார்கள். மாதா முகத்தை மலைக்குக் காட்டியபடியே இறங்குவா. அதுதான் அந்த ஊர் வழக்கமாம். நாங்களும் அப்படியே திரும்பி, தண்டுக்குத் தோள் கொடுத்தோம். இப்போது நெடியவர்கள் முன்னால், நாங்கள் பின்னால். நிமிர்ந்து பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் மாதாவின் முகம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

சரிவு முழுக்க மனைவி கண்ணை எடுக்கவில்லை. பாதி வழியில் மெதுவாகக் கேட்டாள்.

"இவ்வளவு வருசம் தூக்கினனீங்கள். தூக்கேக்கை ஒருக்காவாவது மாதாவின்ரை முகத்தைப் பாத்தனீங்களோ?"

"இல்லை," என்றேன். "நான் எப்பவும் முன்னுக்கு."