பிரெத்தாஞ் கடலும் மூன்று வண்டிகளும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்துமூன்று வயது வரைக்கும் நான் ஒன்றை நம்பியிருந்தேன். கடல் ஏறும் நேரம் வந்துவிட்டால் தண்ணீர் குதிரை வேகத்தில் கரைக்கு ஓடி வரும், நிற்கிற வண்டியைக் கூரை வரைக்கும் மூடிவிடும் என்று. வேறு எங்கோ அல்ல, புதுச்சேரியில். கடலுக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்து, அதே நாலு தெரு தள்ளிக் குடியிருந்தவன் நான்.

இந்த ஞானத்தை எனக்குக் கொடுத்தவர் என் மச்சான். மனைவியின் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சர்வீஸில் பாதியை ஜிபூத்தி பாலைவனத்திலும் மீதியை பிரான்சின் வடமேற்கு ஓரத்தில் பிரெத்தாஞ் என்ற கடலோரச் சீமையிலும் கழித்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான். கறிக் குழம்புக்கும் மோருக்கும் நடுவில் பிரெத்தாஞ் கடல் தவறாமல் வரும்.

"காலைல பாத்தா தண்ணியே இருக்காது மாப்ள. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மணலு. ஒருத்தன் கார அங்க நிறுத்திட்டு ஒரு கஃபே குடிக்கப் போனான். திரும்பி வந்து பாத்தா ஆன்டெனா மட்டும் தெரியுது."

அது பிரெத்தாஞ்சில் நடந்தது என்று அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். அந்தப் பகுதியை மட்டும் என் காது வடிகட்டிவிட்டது. கடல் என்றால் கடல்தானே. எங்கள் பீச் ரோட்டில் கரை முழுக்கக் கருங்கல். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் கல்லில் அடித்து நுரை கக்கும், அவ்வளவுதான் தெரியும். நான் அங்கே போனதும் சுண்டலுக்குத்தான்.

இது சுனாமிக்கு முந்தைய கதை. கடலைப் பார்த்து நிஜமாகவே நடுங்க வேண்டிய நாள் பிறகு வந்தது. அதை வைத்து நான் விளையாட மாட்டேன். இங்கே கேலிக்குரியது என் பயம் மட்டும்.

நோணாங்குப்பம் தாண்டித் தெற்கே மச்சானுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. தோப்பு வரைக்கும் மண் ரோடு. அதற்கப்பால் கால் கிலோமீட்டர் வெறும் மணல், பிறகு கடல். சாயங்காலம் அந்த மணலில் நடந்து போய்த் தண்ணீர் ஓரம் உட்கார்ந்துவிட்டு வருவார். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆன பிறகு அது நின்றுபோயிற்று. தடி ஊன்றினால் தடி மணலுக்குள் இறங்கியது. அதன் பின்னால் அவரும் இறங்கினார். இரண்டு தடவை நானே தூக்கி நிறுத்தினேன்.

"பீச் ரோட்டுல உக்காந்து பாருங்களேன் மச்சான்" என்றேன்.

"அது போட்டோவப் பாக்குற மாதிரி" என்றார். "நாலு சக்கரமும் இழுக்குற வண்டி ஒண்ணு வாங்கப் போறேன். அதுவும் போவலன்னா தோப்பக் குடுத்துட்டு மவகிட்டயே போயிடறேன். அங்க லிஃப்ட் இருக்குது."

மகள் இருப்பது பாரிசுக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில். அவர் போய்விட்டால் என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று ஊரில் ஒன்றும் மிஞ்சாது. அன்றிரவு அவள் என்னிடம் ஒரே வாக்கியம்தான் பேசினாள். "எங்கண்ணன் போவக்கூடாது, அவ்ளோதான்."

டாக்டர் இன்னும் மூன்று மாதம் ஓட்டக்கூடாது என்றிருந்ததால் வெள்ளோட்டம் ஓட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. அலுவலகத்துக்கு மொபெட்டில் போய் வருகிறவன் நான். ஆனால் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைப்பக்கம் ஜீப் ஓட்டியிருக்கிறேன் என்று கறிச்சுவையில் ஒரு வார்த்தை விட்டிருந்தேன். சொல்தாக்களுக்கு ஞாபகம் அதிகம்.

முதல் ஞாயிறு வந்தது ஒரு பழைய ராணுவ ஜீப். பெட்ரோல். கதவு கிடையாது, தார்ப்பாய்க் கூரை, மூக்குக்கு நேரே தட்டையான கண்ணாடி. கதவு இல்லாதது மச்சானுக்கு வசதியாகப் போயிற்று. பின்பக்கத்தை சீட்டில் வைத்துக் காலை உள்ளே திருப்பினால் போதும். நான் நாலு சக்கர லிவரைத் தள்ளிவிட்டு மிதித்தேன். பின் சக்கரம் இரண்டும் மணலை வாரி இறைத்தன. முன் சக்கரம் இரண்டும் வேடிக்கை பார்த்தன.

"மலைல எப்படி ஓட்டுனீங்க?" என்றார் மச்சான். "முன் சக்கரத்துல நடுவுல ஒரு குமிழு இருக்குது. எறங்கி அதத் திருப்பணும். அப்பதான் அதுங்களும் சுத்தும்."

இறங்கினேன், திருப்பினேன். பிறகு அந்த ஜீப் ஆட்டுக்குட்டி போல மணலில் துள்ளிக்கொண்டு போயிற்று. எடை இல்லாத உடம்பு, அதனால் புதையவில்லை. குறையும் இருந்தது. பிரேக்கை மூன்று முறை மிதித்தால்தான் நான்காவது முறை யோசிக்கும். ஒவ்வொரு பள்ளமும் பட்டை ஸ்பிரிங் வழியாக நேராக முதுகெலும்புக்குத் தந்தி அடிக்கும். பெட்ரோலைக் குடிக்கிறதா, சிந்துகிறதா என்று தெரியாது. எனக்குப் பயம் அதில் கதவு இல்லாததுதான். திரும்பும்போதெல்லாம் நான் மட்டும் தனியாக வெளியே பயணம் போய்விடுவேன் என்று ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு நீள உடம்பு டீசல் வண்டி. எட்டுப் பேர் உட்காரலாம். அதன் பலம் இழுவை. சின்ன கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டாலும் தானாகவே நகரும், சுவர் குறுக்கே வந்தால் சுவரைத்தான் நகரச் சொல்லும். ஆனால் ஸ்டியரிங் மாவாட்டுகிற கல். அரைமணி நேரத்தில் என் இரண்டு தோளும் தனித்தனியாக விடுப்புக் கேட்டன. முன்பக்கம் எஞ்சின் கனம். காய்ந்து உதிரும் இளமணல் வந்ததும் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும். பின்னால் எடுத்து, மறுபடி முட்டி, மறுபடி எடுத்து, எப்படியோ போனோம். மச்சான் ஏறுவதற்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. எஞ்சின் சத்தத்தில் அவர் சொன்ன 'தூஸ்மான்' ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. மெதுவாக, மெதுவாக என்பதுதான் அது. பாலைவனத்தில் லாரி ஓட்டியவருக்கு இந்த ஒரு வார்த்தைதான் வேதம்.

மூன்றாவது வண்டி என் சொந்த ஏற்பாடு. சேதராப்பட்டில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய வண்டி ஒன்று விற்பனைக்கு நின்றது. ஏசி, சலூன் நாற்காலி போன்ற சீட்டு, ஏறப் படி, பிடிக்கக் கைப்பிடி. குமிழைத் திருப்ப இறங்கவே வேண்டாம், உள்ளேயே ஒரு பொத்தான். மச்சான் இதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். காரணம் அவர் முழங்கால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் காரணம் அந்த ஏசி. ஞாயிறு தோறும் அதில் என்னையும் ஏற்றிக்கொள்வார் இல்லையா?

"ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து நிறுத்துங்க" என்று சாவியைக் கொடுத்தார் அந்த மனிதர். அக்கறையில் நேரே பெட்ரோல் பங்குக்குப் போய் நாலு டயரிலும் கல் மாதிரி காற்று நிரப்பினேன். கோயில், குளம் என்று கிளம்பும்போது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதானே.

தோப்பு தாண்டியதும் மச்சான் டயரைப் பார்த்தார். "மணலுக்குக் காத்த இறக்கணும் மாப்ள. பாதியாவது இறக்குங்க."

"இப்பதான் மச்சான் நெரப்புனேன்" என்றேன், ஏதோ பால் குடித்த குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல.

போகும்போது சுகம். காலை நேரம், தண்ணீர் வற்றிக் கிடந்தது. சரிவில் இறங்கி ஈர மணலைத் தொட்டதும் தார் ரோடு மாதிரி கெட்டி. தண்ணீருக்குப் பத்து அடியில் நிறுத்தினேன். மச்சான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு அலை வந்தது. தண்ணீர் ஓரமாக வளைந்து நாங்கள் வந்த டயர்த் தடத்தை, எங்களுக்குப் பின்பக்கம், அழித்துவிட்டுப் போயிற்று. அடுத்தது இன்னும் கொஞ்சம் அழித்தது.

"மச்சான்" என்றேன். "தண்ணி ஏறுது."

"ஏறும்" என்றார்.

அந்த 'ஏறும்' எனக்குள் ஆன்டெனாவாக நிமிர்ந்தது. வண்டியைத் திருப்பி, மேட்டைப் பார்த்து அழுத்தினேன். ஈர மணல் முடிந்து இளமணல் தொடங்கியதும் வேகம் செத்தது. இன்னும் அழுத்தினேன். இரண்டு டன் எடை, கல் மாதிரி டயர், என் பயந்த கால், மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. நாலு சக்கரமும் நாலு கிணறு தோண்டின. நாலும் இழுக்கிற வண்டி என்றால் நாலும் புதைக்கிற வண்டி என்று அப்போது புரிந்தது. வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்த பிறகுதான் காலை எடுத்தேன்.

"தூஸ்மான்னு சொன்னேன்ல" என்றார் மச்சான். எப்போது சொன்னாரோ.

கதவைத் திறந்து குதித்து ஓடினேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. இருபது அடி ஓடியிருப்பேன், இடது செருப்பு மணலில் தங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வண்டிக்குள் மச்சான் தடியை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். அந்தப் படியில் தனியாக இறங்க அவரால் முடியாது. இறங்கினாலும் மணலில் நாலு எட்டு வைக்க முடியாது. அது எனக்கு அதுவரை ஞாபகமே வரவில்லை.

திரும்பி வந்தேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடல் ஒரு பக்கம், "எங்கண்ணன் எங்க?" என்று கேட்கப்போகும் என் மனைவி மறுபக்கம். கடல் சின்னதாகத் தெரிந்தது.

"எங்க போனீங்க?" என்றார்.

"ஆளு யாருனா இருக்காங்களான்னு பாக்க."

"ஒத்தச் செருப்போடயா?"

அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த வண்டியும் போவல இல்ல, மாப்ள? அப்ப மவ வீடுதான்." பாரிஸ் லிஃப்ட் கதவு மூடுவது எனக்குக் கேட்டது. வெறும் கையால் மணலை வாரினேன். வாரிய இடத்தில் மணல் சரிந்து நிரம்பியது. அலை ஒவ்வொன்றுக்கும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது, அவருக்குத் தெரியும், ஆனால் அவருடைய புது முழங்காலுக்குத் தெரியுமா என்றெல்லாம் புத்தி கணக்குப் போட்டது.

வடக்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியவர் கயிற்றைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். நடந்துதான் வந்தார். எனக்கு அதுவே கோபம்.

"சீக்கிரம் வாங்க பெரியவரே, தண்ணி ஏறுது. வண்டி முழுகிடும்."

அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். கையிலிருந்த கம்பை வண்டிக்குக் கடல்பக்கம், பின் டயருக்கும் தண்ணீருக்கும் நடுவில் குத்தி நட்டார். "இத்தத் தாண்டாது. இங்க அவ்ளோதான் ஏறும். எந்த ஊரு சார் நீங்க?"

பாண்டிச்சேரி என்று சொல்ல வாய் வரவில்லை.

மச்சான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நான் சொன்னது பிரெத்தாஞ், மாப்ள. இது நோணாங்குப்பம்."

"இப்ப சொல்றீங்களே."

"நீங்க மலைல ஓட்டுனவரு. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

பெரியவர் வண்டியைச் சுற்றி வந்தார். "ரெண்டு வாரத்துக்கு முன்ன ஒரு சின்ன ஜீப்பு வந்துச்சே, அதுன்னா நாங்க நாலு பேரு தூக்கியே மேட்டுல வெச்சிருவோம். இது கோயில் தேரு. காத்த இறக்குங்க."

மச்சான் சொன்னதையேதான் அவரும் சொன்னார். தீக்குச்சியால் வால்வை அழுத்தி நாலு டயரையும் சப்பையாக்கினேன். அவசரத்தில் மூன்று தீக்குச்சி உடைந்தது. வலைக்காரர்கள் சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டுத் தென்னமட்டை போட்டார்கள். சின்ன கியர், பொத்தான், பிறகு தூஸ்மான். இந்தத் தடவை கேட்டேன். தேர் முனகிக்கொண்டு எழுந்து நகர்ந்தது.

மேட்டில் நிறுத்தியதும் மச்சான் கேட்டது ஒன்றுதான். "அந்தச் சின்ன ஜீப்பு இன்னும் இருக்குதா, கேளுங்க."

இருந்தது. அதையே வாங்கினார். தோப்பு அவரிடமே இருக்கிறது. நான் இருபது அடி ஓடியதை அவர் தன் தங்கையிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழம்பு ஊற்றும்போது என் செருப்பை மட்டும் ஒரு முறை பார்ப்பார்.

அன்று நாங்கள் கிளம்பும்போது கம்பைப் பார்த்தேன். தண்ணீர் அதற்கு இரண்டு முழம் கீழேயே நின்று, திரும்பிக்கொண்டிருந்தது. டயர் நனையவில்லை.