பதினேழாம் அத்தியாயம் யார் ‘ஊட்டில்’?

அந்தத் தாள்களை முகர்ந்தாலே எந்த வீட்டிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடலாம். கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டுத் தாளில் காப்பிக்கொட்டை வாசம், கரடியூர்த் தாளில் அடுப்புப் புகை. எழுபதுகளின் கடைசியில் வார இதழை விடாமல் வாங்க ஏற்காட்டில் எங்களைப் போன்ற பலருக்கு வசதியில்லை என்பதால், ஆளுக்குக் கிடைத்த தொடர்கதை அத்தியாயத்தைக் கிழித்து வைத்துக்கொண்டோம். எது யாரிடம் இருக்கிறதென்று மளிகைக்கடை பாய் தன் பலகைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைப்பார்: ‘ரைட்டர் ஊடு 9, 10’, ‘வாழவந்தி டெய்லர் 12’. அவரிடம் ஒரு தாளும் கிடையாது. நூலகம்போல் கையெழுத்து, ஜாமீன் எதுவும் வேண்டாம். கேட்டால் கொடுப்பார்கள், நம்மிடம் இருப்பதை நாமும் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்லவில்லை. மழையில் பாதை சரிந்து பஸ் வராத வாரத்தில் வெளியான கடைசி அத்தியாயம், பதினேழு, மலையில் யாருக்கும் கிடைக்கவில்லை; பிறகு ஒருநாள் பாய் பொட்டுக்கடலை மடித்துத் தந்த பழைய தாளாகவே என் கைக்கு வந்தது. அவர் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கதாநாயகி ஊர் திரும்பினாளா என்பது எனக்கு மட்டும் தெரியும் என்ற மவுசை விட மனமில்லை. பக்கத்து வீட்டுச் செல்வியக்காவுக்கு வெள்ளிக்கிழமை ஆத்தூரில் கல்யாணம். போவதற்குள் முடிவைப் படித்துவிட வேண்டுமென்று அவள் வீடுவீடாகக் கேட்டு அலைந்தாள்.

“ஏனுங்க பாய், பதினேழு கெடச்சுதுங்களா?” என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டேன்.

“யாருகிட்ட இருக்குதுன்னு தெரியுங் கண்ணு. அவிங்களாச் சொல்லாம நான் எழுத மாட்டேன்.”

காது சுட்டது. சாக்பீஸை வாங்கி, ‘எங்க ஊடு 17’ என்று எழுதினேன். இதைப் படிப்பவர்களெல்லாம் அவரவர் வீட்டில் போய்த் தேடுவார்களே என்று பாய் கேலி செய்து, என் அப்பா பெயரைச் சேர்த்தார்.

வியாழன் மாலை செல்வியக்கா வந்தாள். இரு கைகளிலும் மருதாணி அப்பியிருந்ததால் நான்தான் படித்துக் காட்டினேன். கதாநாயகி ஊர் திரும்பவில்லை. அக்கா குனிந்து அந்தக் கடைசி வரியைத் தானே ஒருமுறை படித்தாள்.

“திரும்பலீன்னா என்ன கண்ணு, போன எடத்துல நல்லாத்தான இருக்கறா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. தாளை அவளோடு அனுப்பினேன்.

இப்போது அந்தக் கடையில் இரும்பு ஷட்டர், உள்ளே செல்போன் உறைகள். கதை முழுவதும் கைப்பேசியிலேயே கிடைக்கிறது, யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. செல்வியக்காவிடமிருந்து அந்தத் தாள் ஆத்தூரில் யார் யார் கைக்கோ போனதாகக் கேள்வி. நான் கொடுத்தவற்றில், திரும்பி வராததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்தத் தாள் ஒன்றுக்குத்தான்.