நெல்லுக்கு சீட் பெல்ட்

விவசாயி நல்ல சட்டை போட்டாலே ஊர் சந்தேகப்படும். நல்ல கார் வைத்திருந்தால் விசாரணையே கிடையாது, நேரே தீர்ப்புதான்.

எனக்குக் குடவாசல் பக்கம் கொஞ்சம் நிலம். பையன் வெளிநாட்டில். லீவில் வந்தவன் ஒரு சொகுசுக் கார் வாங்கினான். ஜீப் மாதிரி உயரம், ஆனால் நீளத்தில் குட்டை. விலையில் மட்டும் குட்டை இல்லை. நாலு கோயிலுக்குப் போனான், சாவியை என் கையில் திணித்தான், விமானம் ஏறிவிட்டான். "சும்மா நின்னா பேட்டரி போயிடும்ப்பா, ஓட்டிக்கிட்டே இருங்க" என்றான். என் மொபெட்டை என் சம்சாரம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். பிள்ளைகள் வாங்கித் தந்த காரோடு வயல்காட்டில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

முன் சீட்டு

சம்பாவுக்கு விதை நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி முளை விட வைத்திருந்தேன். நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தில் ஸ்டெப்னி. பேர்தான் பெரிய வண்டி. பின் சீட்டில் இரண்டு மூட்டை, முன் சீட்டில் ஒரு மூட்டை வைத்துக் கிளப்பினேன். டிங், டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. கதவைத் திறந்து சாத்தினேன். இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தேன். நிற்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, முன் சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதாகக் கார் நினைக்கிறது. மூட்டைக்கு சீட் பெல்ட் மாட்டினேன். வாயை மூடிக்கொண்டது.

விதை தெளிக்க வந்த கோவிந்தராசு கூடையும் கையுமாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். ஏற இடமில்லை. முன்னால் நட, வருகிறேன் என்றேன். ஜன்னல் வழியாக உள்ளே கையை நீட்டிப் பார்த்தான். "ஏண்ணே, நெல்லு ஏசியில போவுது, நான் நடராஜா சர்வீஸா?"

தஞ்சாவூரில் சர்வீஸ்

ஐப்பசியில் வண்டிக்குள் ஒரு வாடை. என் சம்சாரம் ஏற மறுத்தாள். தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கோட்டு போட்ட ஒரு பெண் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"சார், ஆஃப் ரோடு போனீங்களா?"

"ரோட்டுலதான்மா வந்தேன்."

"அடியில இவ்வளவு சேறு இருக்கே சார்."

"எங்க ஊரு ரோடு அது."

காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். காபி சுமார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் திரும்பி வந்தாள். பின்னால் இரண்டு மெக்கானிக், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கூட்டிக்கொண்டு போய் முன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தாள். விரிப்பு ஓரத்தில் பச்சைப்பசேலென்று நாற்று. மூட்டையிலிருந்து சிந்திய விதை, அதிலிருந்தே வடிந்த தண்ணீர். வேறென்ன வேண்டும்? என் நாற்றங்காலில்கூட அத்தனை சீராக வரவில்லை. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "சார், உங்க கார்ல நெல்லு முளைச்சிருக்கு. இது வாரண்டியில வராது."

மிஷின் ஏஜெண்ட்

தை கடைசி. கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. டிவியில் மழை, மழை என்கிறார்கள். அறுப்பு மிஷின் வெளியூரிலிருந்து வரும். எந்த வயலில் எப்போது இறங்கும் என்பது ஏஜெண்ட் சேகர் கையில். அவனைப் பார்க்கக் காரில் போனேன். அதுதான் தப்பு. டீக்கடை வாசலில் நின்றவன் முதலில் காரைப் பார்த்தான், பிறகு என்னை.

"இல்லாதப்பட்டவங்களுக்கு முதல்ல அனுப்பிடுறேன் பெரியப்பா. உங்களுக்குக் கடைசியில."

"என் நெல்லும் வயல்லதான்டா கெடக்கு. கார் ஷெட்லயா கெடக்கு?"

டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். "உங்களுக்கு என்ன பெரியப்பா, விளைஞ்சாலும் காரு, விளையலைன்னாலும் காரு."

கொள்முதல் நிலையம்

கடைசியாக அறுத்தால் கடைசியாகத்தான் வரிசை. நெல் டிராக்டரில் முன்னால் போயிற்று, நான் காரில் பின்னால். திறந்த வெளியில் ஊரார் குவியலெல்லாம் நின்றன. என்னுடையதைக் கொட்டினேன். கிளார்க் சின்ன வயசுக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் காரைப் பார்த்தார்.

"வியாபாரி நெல்லெல்லாம் கவர்மெண்டு எடுக்கிறதில்ல சார்."

"நான் வியாபாரி இல்ல. சொந்த நெல்லு."

நிலமும் பயிரும் என்னுடையது என்று காட்டும் சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். தொடக்கூட இல்லை. பெரிய அதிகாரி வந்து பார்க்கட்டும், அதுவரை ஓரமாக இருக்கட்டும் என்றார். மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. நனைந்த நெல்லை ஈரம் என்று தள்ளிவிடுவார்கள். ரெண்டு நாள் ஊறினால் சீட்டுக்கு அடியில் முளைத்தது குவியலிலும் முளைக்கும். ஒரு போகத்துப் பாடு அது. பேப்பரையாவது பாருங்க தம்பி என்றேன். "பேப்பரெல்லாம் வியாபாரிங்ககிட்டதான் சார் ஒழுங்கா இருக்கும்."

மழை

பக்கத்துக் குவியல்காரர் பக்கிரிசாமிக்குப் பொழுது போகவில்லை. "காரு மேல தொறக்குமாமே, காட்டுங்களேன்" என்று நச்சரித்தார். பொத்தானை அழுத்திக் காட்டினேன். கூரைக் கண்ணாடி பின்னால் ஓடிற்று. அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. குவியல் மேல் போட்டிருந்த என் தார்ப்பாய் நடுவில் கிழிந்து, பாதி வாய்க்காலில் போய் விழுந்தது. டிக்கியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். காருக்குப் போடும் உறை. பையன் தனியாக வாங்கி வைத்தது. எடுத்துக் குவியல் மேல் வீசினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பக்கக் கண்ணாடிகளுக்காகத் தைத்த இரண்டு காதும் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றன. பக்கிரிசாமி தன் குவியலை மூடிக்கொண்டே கத்தினார். "அண்ணே, இது என்ன மாடலு? லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"

பதில் சொல்ல நேரமில்லை. ஒரு முனையில் காலை வைத்து, இன்னொரு முனையைக் கையில் பிடித்து நின்றேன். மழை சாட்டை மாதிரி அடித்தது. கிளார்க் கொட்டகையிலிருந்து கை காட்டினார்.

"சார், உங்க காரு! மேல தொறந்து கெடக்கு! உள்ள தண்ணி கொட்டுது!"

"கெடக்கட்டும். வந்து இந்த முனையைப் பிடிங்க!"

ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார். பிறகு பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்து பிடித்தார். மழை விடும்வரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நின்றோம். விட்டதும் உறையைத் தூக்கி உள்ளே கையை விட்டு, ஒரு பிடி நெல்லை எடுத்தார். வாயில் போட்டுக் கடித்தார். நறுக்கென்றது, ஈரம் ஏறவில்லை. காரைத் திரும்பிப் பார்த்தார். சீட்டில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. "காலைல முதல் எடை உங்களுதுதாங்கய்யா. வியாபாரியா இருந்தா காரைத்தான் மூடியிருப்பான்."

அத்தனை விலை போட்டு வாங்கிய காரில் இன்றைய தேதிவரை எனக்கு உருப்படியாக உதவியது, அதன் உறை ஒன்றுதான்.