செவ்வாய்க்கிழமை மாத்திரை

பெங்களூர் நீலசந்திராவில் ஒரு சுகாதார நிலையத்தின் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நோயாளி மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும். எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உடம்பு தேறினாலும் ஊருக்குப் போவார்கள், தேறாவிட்டாலும் போவார்கள். ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டியதும் என் போனை எடுக்க மாட்டார்கள்.

அதற்காகவே ஓசூரில் நடந்த ஒரு பயிற்சியில், இரண்டு மாநிலத்து டாக்டர்களும் ஊழியர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் எல்லாம் கலந்து கிடக்கும். காவிரி விவகாரத்தால் பஸ் ஓடாத நாளிலும் "உங்க பேஷண்ட் வந்துட்டாரு, மாத்திரை குடுத்தாச்சு" என்று செய்தி வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் காலை வணக்கப் பூக்கள். அவற்றைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொங்கல் கழிந்து ஒரு பெண் வந்தாள். கார்மெண்ட்ஸில் வேலை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நோய் உறுதியாகி மாத்திரை தொடங்கினோம். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் உடம்பு தேறவில்லை. பெயிண்டராக இருந்த கணவன், திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் தன் அம்மாவிடம் அவளை அனுப்ப முடிவு செய்தான்.

"அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா எங்கம்மா வீட்டுக்கே தொரத்திடுவாங்க."

அந்த மாமியார் தீபாவளிக்கு வந்து, பொங்கல் வரை இவர்களுடைய ஒற்றை அறையில் தங்கியிருந்தவர். அவருக்கும் பரிசோதனை செய்தாக வேண்டும் என்றேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஊரில் என்னைப் போலவே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அவருக்குப் போன் செய்தேன். "என் மொபெட் எந்த வாசல்ல நின்னாலும் அந்த வூட்ல டிபின்னு தெருவே பேசும்மா" என்றார். நியாயம்தான். எங்கள் டாக்டரும் அவர்கள் டாக்டரும் பேசி ஒரு வழி செய்தார்கள். தெரு முழுவதற்கும் இருமல் முகாம், எக்ஸ்ரே வண்டியோடு. அந்தப் பெண்ணுக்கு மாத்திரை துணை சுகாதார நிலையத்தில், செவ்வாய்க்கிழமைகளில்.

முகாம் முடிந்து சில நாளில் அக்கா கூப்பிட்டார். மாமியாருக்கும் டிபி. "மருமவளுக்குச் சொல்லிடாதம்மா, பயந்து ஓடிப்பூடும்னு கையப் புடிச்சிக்கினு அழுவுறாங்க."

அதற்கு அடுத்த நாளே பெண்ணிடமிருந்து போன். "அத்தைக்குத் தெரிஞ்சிடுச்சுக்கா. தட்டு தனி, டம்ளர் தனி. நான் கிட்டப் போனா மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

அவள் அம்மா வீடு எங்கேயோ மலைமேல். அங்கே போனால் மாத்திரையும் போச்சு, அநேகமாகக் கல்யாணமும் போச்சு. அந்த அம்மாள் முகத்தைத் திருப்புவது இவள்மீது இருமல் படாமலிருக்கத்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. அந்தச் சட்டத்தின் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இந்தச் செவ்வாய் மாத்திரையை வாங்கிக்கிட்டாவது போ" என்று மட்டும் கெஞ்சினேன்.

செவ்வாயன்று அக்காவே போனில் கதறினார். மாமியாரையும் அதே கிழமையில் வரச் சொல்லியிருக்கிறார்! மருமகள் தையல்காரரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், மாமியார் கால்வலித் தைலம் வாங்கப் போவதாக. மாத்திரையோடு வெளியே வந்தவள், பெஞ்சில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாளாம்.

"வாரத்துல வேற நாளே கிடையாதாக்கா?" என்று கத்தினேன்.

"டிபின்னாலே எனக்குச் செவ்வாக்கிழமைதானேம்மா. பழக்கம், வாய்ல வந்துடுச்சு."

ஊரையே கூட்டி முகாம் போட்டு ரகசியம் காத்தவர்களுக்குக் கிழமையை மாற்றத் தோன்றவில்லை.

"என்ன பேசிக்கிட்டாங்க?" என்றேன்.

மாமியார் வெகுநேரம் அந்த மாத்திரை அட்டையையே பார்த்தாராம். பிறகு, "நான்தான் குடுத்துட்டேனாடி உனக்கு?" என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். மருமகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம், "தெரியல அத்தை. நான்கூட உங்களுக்குக் குடுத்திருக்கலாம்."

சாயங்காலம் காக்ஸ் டவுனுக்கு வண்டியில் வீடு திரும்பும்போது அவள் கூப்பிட்டாள். சர்ச் மதிலோரம் நிறுத்தி எடுத்தேன்.

"அம்மா வீட்டுக்குப் போகலக்கா. டாக்டர் சொன்ன மாதிரி வாசல்ல காத்தாட உக்காந்து சாப்பிடுறோம். தட்டு இன்னும் தனிதான். ஆனா அத்தை தட்டுல இருக்குற முட்டையும் என் தட்டுக்கு வந்துடுது."

"திருப்பிப் போடு, அவங்களும் சாப்பிடணும்" என்று அதட்டினேன். கண் கலங்கிவிட்டது. வண்டியை மறுபடி எடுக்கக் கொஞ்ச நேரமானது.